செக்ஸ், ஜெண்டர் பத்தி ஆன்லைன் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினவங்க இருக்கீங்களா? மும்பைல இருந்து கேக்குறேன்

ஜன்னலோர_சீட்டு:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்க மட்டும் செஞ்சிட்டிருந்தேன், இப்பதான் முதல் தடவ வாயத் தொறக்குறேன். ஊரு தென்காசி பக்கம், கல்யாணம் ஆகி டோம்பிவிலி வந்து ஏழு வருஷம், வேலை தானே சிட்டில. அதுக்கு மேல என்னப் பத்தி சொல்லல, ஏன்னு கீழ படிச்சா தெரியும்.

கல்யாணமாகி முதல் ரெண்டரை வருஷம் எங்களுக்குள்ள ஒண்ணுமே நடக்கல. அவர் மேலயும் தப்பில்ல, எம்மேலயும் இல்ல. பக்கத்துல வந்தாலே எனக்கு கீழ அப்படியே இறுகிக்கிடும், நான் வேணும்னு செய்றதில்ல, தொடை ரெண்டும் கல்லாயிரும், கண்ணுல தண்ணி வந்துரும். வஜைனிஸ்மஸ்னு அதுக்கு ஒரு பேர் இருக்குங்கிறதே மூணாவது டாக்டர்கிட்டதான் தெரிஞ்சது. முதல் டாக்டரம்மா "படிச்ச பொண்ணு இப்படி பயப்படலாமா, ராத்திரி கொஞ்சம் வைன் குடிச்சுப் பாரு"ன்னு அனுப்பிட்டாங்க, ரெண்டாவது எடத்துல ஒண்ணு சேர்ந்தீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காமலே கொழந்தையில்லாத ஜோடின்னு ஃபைல் போட்டுட்டாங்க. இந்தப் பக்கம் அத்தை ஞாயித்துக்கிழமை தவறாம போன் போட்டு "ஏதாச்சும் விசேஷம் உண்டா"ம்பாங்க, நான் "புதுசா மிக்சி வாங்கிருக்கோம் அத்தை"ம்பேன். கடைசில ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் அக்காதான் கைகுடுத்தாங்க. அடிவயித்துல மூச்சு இறக்கக் கத்துக்குடுத்து, டைலேட்டர்னு, கீழ கொஞ்சம் கொஞ்சமா பழக்கிக்கிறதுக்கு மெழுகுவத்தி கணக்கா சைஸ் சைஸா ஒரு செட்டு வாங்கச் சொல்லி, எட்டு மாசம் ஆச்சு. அந்த பார்சல் வந்த அன்னிக்கு வாட்ச்மேன் சாச்சா "பூஜா சாமானா"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

இப்ப நல்லாருக்கேன். இத எழுதணும்னு தோணி, காலைல லோக்கல்ல சீட்டு கெடைக்கிற அன்னிக்கு மட்டும் (டோம்பிவிலிகாரங்களுக்குத் தெரியும் அது மாசத்துல எத்தன நாள்னு) போன் நோட்ஸ்ல டைப் பண்ணேன், பக்கத்து ஆண்ட்டி மேத்திக் கீரை ஆஞ்சிட்டிருப்பாங்க நான் ஸ்கிரீன சாச்சு வெச்சுகிட்டு. இங்கிலீஷ்ல 1400 வார்த்தை ஆயிருக்கு. "என் உடம்பு ஒரு பூட்டின வீடு"ங்கிற மாதிரி ஆரம்பிக்கும். சொந்த அனுபவம் எழுதச் சொல்லி கேக்குற ஒரு ஆன்லைன் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். ஆனா புனைபேர்ல எழுதினா ஒத்துக்குவாங்களா, எப்பவாச்சும் வெளிய வந்துருமா, தமிழ்ல எழுதறதா இங்கிலீஷா, காசு குடுப்பாங்களா, ஏதும் கேஸ் கீஸ் ஆகுமா, நான் பெரிய பெண்ணியவாதியெல்லாம் கிடையாது நான் எழுதலாமா, இவ்வளவும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அவருக்கு எழுதறது தெரியும், அத்தைக்குத் தெரியக்கூடாது.

கல்யாண்_ஸ்லோ:

மேடம் பதில் ஒண்ணும் தெரியாது ஆனா "பூஜா சாமானா" படிச்சிட்டு டீய கீபோர்டுல துப்பிட்டேன். எழுதுங்க.

பழைய_காபி_எடிட்டர்:

நான் அந்தேரில ஒரு இணையதளத்துல ஆறு வருஷம் காபி எடிட்டரா (வர்ற கட்டுரைங்கள திருத்துற வேலை) இருந்தேன், இந்த மாதிரி கட்டுரைங்க நெறைய கை வழியா போயிருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு. உங்க 1400 வார்த்தைய நான் படிக்கல, ஆனா இங்க நீங்க எழுதின இந்த போஸ்டுதான் கட்டுரை. பூட்டின வீடு, வாடின மலர், மௌனத்தின் சிறை இதெல்லாம் எங்க இன்பாக்ஸ்ல வாரத்துக்கு நாலு வரும். மிக்சி யாருக்கும் வராது. அந்த மிக்சியும் பூஜா சாமானும் உங்க இங்கிலீஷ் டிராஃப்ட்ல இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஏன் விட்டுப்போச்சுன்னு யோசிங்க. நான் பாத்த வரைக்கும் நம்மாளுங்க இங்கிலீஷ்ல உக்காந்த உடனே அத்தை காணாம போயிருவாங்க, "சமூகம்"னு ஒருத்தர் வந்து நிப்பாரு.

எங்க அனுப்பறதுன்னா, மும்பையிலயே ஏஜெண்ட்ஸ் ஆஃப் இஷ்க்னு ஒரு தளம் இருக்கு, டாக்குமெண்டரி எடுக்கிற பரோமிதா வோரா 2015ல ஆரம்பிச்சது, சாதாரண ஜனங்க ஆசை, காதல், உடம்பு பத்தி சொந்தமா சொல்ற கதைங்கதான் அங்க உயிர், ஆக்டிவிஸ்ட்டா இருக்கணும்னு இல்ல. டெல்லில டார்ஷின்னு 1996ல இருந்து இயங்குற அமைப்பு நடத்துற இன் ப்ளெயின்ஸ்பீக்னு ஒரு இதழ் இருக்கு, அது தலைப்பு வெச்சு வரும், உங்க விஷயம் அந்த தலைப்புல ஒட்டுதான்னு பாத்துட்டு அனுப்பணும். ஃபெமினிசம் இன் இந்தியாங்கிற தளமும் டெல்லிதான், இங்கிலீஷ் ஹிந்தி ரெண்டும். தமிழ்லயே போடணும்னா சென்னை ஓரினம் தளத்துல தமிழும் இங்கிலீஷும் உண்டு, ஆனா அது பால்புதுமையினருக்கான (கே, லெஸ்பியன், திருநர் மாதிரியானவங்க) எடம், உங்க கதை அங்க பொருந்தாது. எங்க அனுப்பினாலும் அவங்க "எழுத விரும்பினால்"னு போட்டிருக்கிற பக்கத்த முழுசா படிங்க, சிலர் முழுக் கட்டுரை கேப்பாங்க, சிலர் பிட்ச் மட்டும் போதும்பாங்க. பிட்ச்னா ஒண்ணும் பெரிசில்ல, என்ன நடந்துச்சு, இதுல நீங்க மட்டும் சொல்லக்கூடியது என்ன, எத்தன வார்த்தை, புனைபேர் வேணும், அவ்வளவுதான், ஒரு பத்தி. காசு உண்டா எவ்வளவுன்னு அந்த மெயில்லயே கூச்சப்படாம கேட்ருங்க. செக்ஸ் பத்தி எழுதறதுக்குக் கூசாதவங்க கூட காசு கேக்கறதுக்குக் கூசறத நான் தினம் பாத்தேன்.

அடுத்து வார்த்தை. தமிழ்ல எழுதினா இங்கதான் முட்டும். உறுப்போட பேர சொல்லணும்னா ஒண்ணு கெட்ட வார்த்தை, இல்லேன்னா பாடப்புத்தக வார்த்தை, நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா வீட்டுல பொம்பளைங்க பேசுறப்ப நடுவுல எவ்வளவு இருக்கு பாருங்க, கீழ, அந்த எடம், ஒண்ணு சேர்றது, உடம்பு ஒத்துக்கல, சூடு புடிச்சிருக்கு, வெள்ளைப்படுது. நீங்களே "கீழ அப்படியே இறுகிக்கிடும்"னு எழுதிருக்கீங்க, ஒரு தமிழச்சி கூட இத புரியலைன்னு சொல்ல மாட்டா. ஒரே ஒரு எடத்துல மட்டும் யோனித்தசை தன்னால இறுகுறதுதான் வஜைனிஸ்மஸ்னு நேரா போட்டுருங்க, படிக்கிறவ டாக்டர்கிட்ட போய் சொல்றதுக்கு ஒரு பேர் வேணும்ல.

அப்புறம் தலைப்பும் படமும். இதுல எனக்கே ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. பேர் சொல்லல, ஒரு தமிழ் தளத்துக்கு மாதவிடாய் நிக்கிற காலத்துல வர்ற ஆசை பத்தி எழுதிக் குடுத்தேன், மறுநாள் பாத்தா "45 வயதிலும் அடங்காத..."ன்னு தலைப்பு, மேல ஒரு வடநாட்டு மாடல் ஈரப் புடவையோட. எங்கம்மாகிட்ட காட்டலாம்னு இருந்தேன், லிங்க்க மறைக்க வேண்டியதாப் போச்சு. அதனால தலைப்பு, படம், பேர் மூணும் என்கிட்ட காட்டிட்டுதான் போடணும், பின்னாடி எடுக்கச் சொன்னா எடுக்கணும்னு மெயில்ல எழுதி வாங்கிருங்க. போன்ல "கண்டிப்பா மேம்"னு சொல்றது செல்லாது.

கேஸ் பயம். இணையத்துல போடுறதுக்கான சட்டம் ஐ.டி. ஆக்ட், அதுல பிரிவு 67 ஆபாசத்துக்கு, 67ஏ வெளிப்படையான பாலியல் காட்சிக்கு, ரெண்டுலயும் அறிவியல், இலக்கியம், கலை, கல்விக்குன்னு விலக்கு சட்டத்துக்குள்ளயே இருக்கு. 2014ல அவீக் சர்க்கார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும், ஒரு வரிய மட்டும் பிச்சு எடுத்து ஆபாசம்னு சொல்ல முடியாது, மொத்தமா இந்தக் காலத்து ஜனங்க கண்ணால பாக்கணும்னு சொல்லிருச்சு. உங்க கதைக்கு இதெல்லாம் கிட்டயே வராது. நெஜமாவே கவனமா இருக்க வேண்டியது வேற, பாலியல் வன்முறைக்கு ஆளான இன்னொருத்தங்களப் பத்தி எழுதினா அவங்க பேரோ அடையாளம் தெரியிற மாதிரி எதுவோ வரக்கூடாது, முன்ன ஐ.பி.சி. 228ஏ, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்துல 72, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். 18 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கன்னா குழந்தைங்க பாதுகாப்புக்கான போக்சோ சட்டமும் சேரும்.

வாசல்_கோலம்:

நான் மாட்டுங்கால 40 வருஷமா இருக்கேன். நாலு செவுத்துக்குள்ள இருக்க வேண்டியத ஊர் பூரா எழுதி என்ன சாதிக்கப் போறீங்க. டாக்டர்கிட்ட போனீங்க சரியாச்சு, சந்தோஷம். அதோட விடலாமே. 2005ல குஷ்பு ஏதோ சொல்லப் போய் என்னாச்சுன்னு மறந்து போச்சா.

பழைய_காபி_எடிட்டர்:

மறக்கல மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி உறவு பத்தி ஒரு பத்திரிகைக்கு சொன்னதுக்கு 23 கேஸ் போட்டாங்க, செருப்பும் தொடப்பமும் தூக்கிட்டு தெருவுல நின்னாங்க. 2010 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் 23ஐயும் தள்ளுபடி பண்ணுச்சு, அந்தப் பாதியையும் சேத்து சொல்லுங்க. அஞ்சு வருஷம் அந்தம்மா அலைஞ்சாங்கங்கிறது உண்மைதான், அத நான் சின்ன விஷயம்னு சொல்லல.

பின்ன நீங்க இருக்கிற இதே மும்பைல 1927ல இருந்து 1953 வரைக்கும் ர.தோ. கார்வே "சமாஜ் ஸ்வாஸ்த்ய"ன்னு மராத்தில மாசப் பத்திரிகை நடத்துனாரு, கர்ப்பத்தடை, செக்ஸ் எல்லாம் பச்சையா எழுதுவாரு. வாசகர் கேள்விக்கு எழுதின பதிலுக்கு ஆபாசம்னு கேஸ் போட்டாங்க, 1934ல அவருக்காக கோர்ட்ல நின்னது அம்பேத்கர். தோத்துதான் போனாங்க, ஆனா பத்திரிகை அதுக்கப்புறமும் 19 வருஷம் வந்துச்சு. நாலு செவுத்துக்குள்ளயே இருந்திருந்தா இந்தப் பொண்ணுக்கு மூணாவது டாக்டர் வரைக்கும் ஏன் அலைச்சல்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க.

வாசல்_கோலம்:

நான் மாமா இல்ல, மாமி. கார்வே கதை எனக்குத் தெரியாது. எங்க அக்காவுக்கும் ஏதோ இப்படித்தான் இருந்தது, புகுந்த வீட்ல அவளத் திருப்பி அனுப்பிட்டாங்க. 1974. சரி எழுதட்டும். பேர் போடாம எழுதட்டும்.

முலுண்ட்_செக்நாக்கா:

மாமி சொன்ன பேர் போடாம விஷயத்துக்கு நான் வரேன், ஏன்னா நான் அதுல அடிவாங்கினவன். நான் கே, ஆம்பளைங்க மேல ஈர்ப்பு உள்ளவன். 2018 செப்டம்பர் 6, எங்க உறவு குத்தமில்லைன்னு 377 தீர்ப்பு வந்த அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதுட்டு வெளிய வந்து ஸ்டேட்டஸ் மீட்டிங்ல உக்காந்தேன், அதப் பத்தி ஒரு க்வியர் (பால்புதுமையினர்) தளத்துக்கு புனைபேர்ல எழுதினேன். எல்லாம் மாத்தினேன், பேரு, ஊரு, ஆபீசு. படம் கேட்டாங்கன்னு எங்க பால்கனி ஜன்னல எடுத்து அனுப்பினேன், முகமே இல்ல, வெறும் கம்பியும் துளசித் தொட்டியும். எங்க சித்தப்பா பையன் கண்டுபிடிச்சான், எதித்த பில்டிங்ல பாதி பெயின்ட் அடிச்சு நிறுத்தி வெச்சிருந்தாங்க அத வெச்சு. அவன் நல்லவன், தனியா போன் பண்ணி "டேய் அண்ணா படத்த மாத்து"ன்னு மட்டும் சொன்னான், அதோட சரி. வேற யாராவதுன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் சில நாள் தூக்கம் வராது.

அதனால சிஸ்டர், பொடி விஷயங்கதான் காட்டிக்குடுக்கும். புனைபேர்ல புதுசா ஒரு மெயில் ஐ.டி. தொடங்குங்க, கூகுள் டாக் அந்த ஐ.டி.ல இருந்தே ஷேர் பண்ணுங்க, இல்லேன்னா எடிட்டர் கமெண்ட் போடுற எடத்துல எல்லாம் உங்க நெஜப் பேரும் ப்ரொஃபைல் போட்டோவும் வந்து பல்லக் காட்டும். வேர்டு ஃபைல்னா ப்ராப்பர்ட்டீஸ்ல ஆத்தர்னு ஒரு எடம் இருக்கு, ஆபீஸ் லேப்டாப்னா அங்க உங்க பேரும் கம்பெனி பேரும் உக்காந்திருக்கும். போன்ல எடுத்த போட்டோவுல எடம் பதிவாயிருக்கும், லொகேஷன ஆஃப் பண்ணிட்டு எடுங்க. காசு யு.பி.ஐ.ல வாங்கினா பேங்க்ல இருக்கிற பேர் அவங்களுக்குத் தெரியும், பேன் கார்டும் கேப்பாங்க, அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு மட்டும் போகட்டும்னு சொல்லுங்க. டி.டி.எஸ்.னு வரி புடிச்சா உங்க வருமான வரிக் கணக்குல அந்த கம்பெனி பேர் வந்துரும், உங்க ரிட்டர்ன ஊர்ல மாமாவோ மச்சினனோ ஃபைல் பண்றாங்கன்னா பாத்துக்குங்க. ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு எல்லாம் புடிக்கிற அளவு வராது.

வார்த்தை பத்தி எடிட்டர் சொன்னதுக்கு ஒண்ணு சேத்துக்கறேன். எங்கள "ஓரினச்சேர்க்கையாளர்"னு எழுதாதீங்க யாரும், எந்நேரமும் சேந்துகிட்டே இருக்கோமா என்ன. தன்பாலீர்ப்புன்னா ஈர்ப்பு, அதுல எங்க மனசும் வருது. சென்னை ஹைகோர்ட் சொல்லி 2022ல தமிழ்நாடு அரசே இதுக்கெல்லாம் கௌரவமான சொல் பட்டியல் ஒண்ணு வெளியிட்டிருக்கு, எழுதறவங்க அத ஒரு தடவ பாத்துக்கலாம்.

90அடி_ரோடு:

தங்கச்சி நான் தாராவில இருக்கேன், திருநங்கை, விழுப்புரம் பக்கத்துல இருந்து 17 வயசுல மும்பை ரயில் ஏறினவ. எனக்கு டைப் வராது, வாய்ஸ்ல சொல்றேன் பக்கத்து வூட்டு பாப்பா அடிக்குது, தப்பு இருந்தா அதுக்குத்தான் திட்டு.

2014ல எங்கள மூணாம் பாலினம்னு சுப்ரீம் கோர்ட் ஏத்துகிட்ட நல்சா தீர்ப்பு வந்துச்சுல்ல, அப்ப வந்தாங்க பாரு மைக்க தூக்கிட்டு. எல்லாரும் மொத கேள்வி என்ன கேப்பாங்க, நிர்வாணம் (அந்த ஆபரேஷன எங்காளுங்க அப்படித்தான் சொல்வோம்) பண்ணிட்டீங்களா, எங்க பண்ணீங்க, வலிச்சிச்சா. ரெண்டாவது கேள்வி, கடை கேக்கப் போறப்ப, அதான் கடை கடையா காசு கேக்கப் போறப்ப, யாராச்சும் அடிச்சாங்களா. நான் அழுதா அவங்களுக்கு ஒரு சந்தோஷம். அழலேன்னா இன்னொருத்திய கூப்ட்டு வான்னுவாங்க. இந்த மாதிரி மூணு பேருக்கு சொன்னேன், மூணுலயும் நான் பேசாததெல்லாம் நான் பேசின மாதிரி வந்துச்சு, ஒருத்தன் என் பழைய ஆம்பளப் பேர வேற போட்டுட்டான்.

அப்புறம்தான் நாமளே எழுதலாமேன்னு இந்த பாப்பாவ வெச்சு எழுதினேன். என்ன எழுதினேன்னா ரூம் வாடகை. எங்க சந்துல எல்லாருக்கும் ஆறாயிரம், எனக்கு மட்டும் ஒம்பதாயிரம். ஓனரம்மாகிட்ட ஏம்மான்னா "உங்களுக்கு ஆம்பள ரேட்டும் உண்டு பொம்பள ரேட்டும் உண்டு"ன்னு சிரிக்குது. அந்தப் பத்திரிகை எடிட்டர் பொண்ணு கேட்டுச்சு, அக்கா உங்க ஆபரேஷன் பத்தி ஒரு பாரா சேக்கலாமான்னு. நான் சொன்னேன், பாப்பா வாடகைய குடுக்குறது என் கை, அத எழுது போதும். அது நல்ல பொண்ணு, ஒத்துகிச்சு. நீயும் அப்படியே சொல்லு, அவங்க கேக்குறாங்கன்னு நீ பட்ட வலிய விட அதிகமா வலிச்ச மாதிரி எழுதாத.

ஆனா நானும் ஒரு தப்பு பண்ணேன். அதே கட்டுரைல எங்க குரு வூட்டு சண்டைய ரெண்டு வரி போட்டுட்டேன், குருபாய் (அதே குருவுக்கு இன்னொரு சேலா) ஒருத்தி படிச்சிட்டு ஜமாத்ல, எங்காளுங்க பஞ்சாயத்துல, வெச்சுட்டா. அஞ்சாயிரம் தண்டு, அதான் அபராதம், கட்டினேன், கட்டுரைக்கு வந்த காசே ரெண்டாயிரம். அடுத்த தடவ எழுதுறப்ப மொதல்ல குருவுக்கு படிச்சுக் காட்டினேன். சண்டை எல்லாம் இருக்கட்டும்ன்னாங்க, ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கச் சொன்னாங்க, அவங்க வயச. நீ உன் வூட்டுக்காரருக்கு படிச்சுக் காட்டு. எழுதறது தெரியும்ன்ற, என்ன எழுதிருக்கன்னு தெரியுமா?

கல்யாண்_ஸ்லோ:

அக்கா அந்த "ரேட்டு" வரிக்கு உங்களுக்கு ரெண்டாயிரம் ரொம்ப கம்மி.

ஜன்னலோர_சீட்டு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, மாமி உங்களுக்கும்தான், அந்த 1974 படிச்சிட்டு ரொம்ப நேரம் போன கீழ வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இங்கிலீஷ் டிராஃப்ட்ட மூடிட்டேன், எடிட்டர் சொன்னது சரிதான், அதுல அத்தையே இல்ல, பார்சலும் இல்ல, "சமூகம்" ஆறு தடவ இருந்துச்சு எண்ணிப் பாத்தேன். தமிழ்ல ஆரம்பிச்சிருக்கேன், அவங்களுக்கு இங்கிலீஷ்தான் வேணும்னா பின்னாடி மாத்திக்கலாம்னு. மொத அஞ்சு வரி இது, பாத்து சொல்லுங்க:

"எங்க வீட்டு மிக்சிக்கு மூணு ஜார். அத்தை விசேஷம் உண்டான்னு கேட்டப்பல்லாம் எங்கிட்ட சொல்ல இருந்தது அது ஒண்ணுதான். முதல் வாரம் பெரிய ஜார் பத்தி சொன்னேன், அடுத்த வாரம் சட்னி ஜார். ரெண்டு வருஷத்துல மூணாவது ஜாருக்கு வந்தப்ப அத்தை கேக்குறத நிறுத்திட்டு, ஊர்ல ஒரு கோயிலுக்கு நேந்துகிட்டாங்க. பூட்டிய மலராக நான் கிடந்தேன்."

பழைய_காபி_எடிட்டர்:

கடைசி வரிய எடுங்க. நேந்துகிட்டாங்கல நிக்கட்டும். ஒரே சந்தேகம், இத அத்தை படிச்சா, இல்ல யாராச்சும் படிச்சுக் காட்டினா, மிக்சிய வெச்சே கண்டுபிடிச்சிருவாங்களே?

90அடி_ரோடு:

கிரைண்டர்னு மாத்திரு.

ஜன்னலோர_சீட்டு:

கிரைண்டருக்கு மூணு ஜார் கிடையாதுக்கா.

நேத்து ராத்திரி அவருக்கு முழுசா படிச்சுக் காட்டினேன். ஒரு எடத்துல அவர் பால்கனிக்குப் போயிட்டாரு, நான் பயந்துட்டேன், ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வந்து, நான் தினம் ஹால்ல பாய் போட்டுப் படுத்தேன்னு எழுதிருக்க, அது மூணு மாசம்தான், சரியா எழுதுன்னாரு. மாத்திட்டேன். மிக்சிய என்ன செய்யன்னு கேட்டேன், அது இருக்கட்டும், அம்மா கேட்டா நான் பேசிக்கறேன்னுட்டாரு. வாட்ச்மேன் சாச்சாவ மட்டும் லிஃப்ட்மேன் ஆக்கிருக்கேன், எங்க பில்டிங்ல லிஃப்டே கிடையாது. மெயில் ஐ.டி. புதுசா போட்டாச்சு, நாளைக்கு சீட்டு கெடைச்சா ரயில்லயே பிட்ச் அனுப்பிருவேன்.